மண் எடுத்த கூலி

மூன்று நாள் லீவு.
பனியன் கம்பெனியில் கணக்கு முடிக்கும் மாதத்தில்
பல்லைக் காட்டி வாங்கியது.
அதில் முதல் நாளை
திருநெல்வேலி ஜங்ஷன் லாட்ஜ் வாசலில்
ஏசி ரூமா சாதா ரூமா என்று
நின்றபடியே செலவழித்தோம்.

அப்புறம் அவரும் நானும்
மிதுன் வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.
"அல்வா எத்தனை கிலோன்னு அப்பா கேக்குறாரு."
"அரைக் கிலோ போதும்னு சொல்லு."
இரண்டு கிலோ வந்தது.
இலைத் துண்டில் வைத்துத் தந்த சூட்டு அல்வா
யார் பிடிக்கும் நிற்காமல் வழுக்கிற்று.
நான்கு பேரும்
பேசாமல் விரலை நக்கிக்கொண்டோம்.

வள்ளியூர் தாண்டியதும் காற்றாலைகள்.
தாரிகா எண்ணிக்கொண்டே வந்தவள்
நூற்றுப் பதினேழில் தூங்கிப்போனாள்.
ஒரே காற்றில்
சிலது சுற்றுகிறது, சிலது சும்மா நிற்கிறது.
அது எப்படி என்று கேட்கலாம்தான்.
முன் சீட்டில் அவர் பிடரி
வேர்த்திருந்தது.

உவரியில்
கடலிலிருந்து ஈரச் சேலையோடு ஏறி வந்தாள் ஒருத்தி.
தலையில் ஓலைப்பெட்டி, பெட்டி நிறைய மண்.
கரையில் கொட்டினாள். திரும்பவும் இறங்கினாள்.
நேர்ச்சையாம். நாற்பத்தொரு பெட்டி.
"என்னங்க வேண்டிக்கிட்டீங்க?" என்றேன்.
என் 'ங்க'வைக் கேட்டுச் சிரித்தாள்.
"அதைச் சொல்லப்பிடாதுல்லா" என்றாள்,
"இது முப்பத்தி ரெண்டா மூணான்னு இப்பம் மறந்துட்டு பாரு."
முப்பத்திரண்டென்றே வைத்துக்கொண்டு
ஒன்று கூடுதலாகச் சுமக்கப் போனாள்.

மணப்பாட்டுக் குன்றின் மேல் நின்றால்
ஒரு பக்கம் அலை,
மறு பக்கம் அசையாத கழி.
அவர் அலைப் பக்கம் உட்கார்ந்தார்.
நான் கழிப் பக்கம்.
பிள்ளைகள் நடுவில் ஓடி ஓடி
சுண்டலைச் சமமாகப் பங்கிட்டார்கள்.

குறுக்கு வழி என்று போன் சொன்னது.
தேரிக்குள் கொண்டுபோய் விட்டது.
குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் மண்,
முந்திரி, உடைமுள், தூரத்தில் பனைகள்.
ரோடு மணலுக்குள் போன இடத்தில்
பின் சக்கரம் பாதி இறங்கி
உறுமிற்று.

ஆடு பத்திக்கொண்டு வந்தவர்
பேர் சுயம்புலிங்கம் என்றார்.
காய்ந்த ஓலை நாலு இழுத்து வந்து
டயருக்கு அடியில் திணித்தார்.
மிதுனை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு
இவர் இறங்கினார்:
"டேய், அம்மாவையும் தள்ளச் சொல்லு."
"என்னன்னு கேளுடா."
"தள்ளணுமாம்மா."
சுயம்புலிங்கம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"சேதி வந்து சேரதுக்குள்ள
வண்டி அச்சு வரைக்கும் பொதஞ்சிரும் மக்கா."

அப்போதுதான்,
ஒன்றரை நாளுக்குப் பிறகு,
என்னைப் பார்த்துச் சொன்னார்:
"செருப்பைக் கழட்டு."

கழற்றினேன். சூடு.
ஒன்று, ரெண்டு, ஏலே ஆக்சிலேட்டரை மிதி என்றதும்
சக்கரம் வாரி இறைத்த தேரி
எங்கள் இருவர் முகத்திலும்,
அவர் மீசையில்,
என் திறந்த வாயில்.
வண்டி ஏறி, தானாகப் பத்தடி போய்,
ஒரு முந்திரியில் மெல்ல முட்டி நின்றது.
தாரிகா ஜன்னல் வழியே கத்தினாள்:
"ரெண்டு பேரும் செங்கல் மாதிரி இருக்கீங்க!"
சிரிக்கப் போய்
பல்லிடையே மண் நறநறத்தது.
ஆடுகள் எதையும் பொருட்படுத்தாமல்
நாங்கள் போட்ட ஓலையைக் கடித்துக்கொண்டிருந்தன.

திரும்பும்போது தூத்துக்குடியில் மக்ரூன்.
ஒரு டப்பா. பேரம், சண்டை இல்லை.
கோவில்பட்டி வரும் முன்பே தீர்ந்தது.

ஊர் வந்து பத்து நாள் கழித்து
வாட்டர் சர்வீஸ் பையன் நீட்டிய பில்லில்
கடைசி வரி:
மண் எடுத்த கூலி, ரூ. 300.
"எங்கண்ணா போனீங்க? செங்கல் சூளைக்குள்ளயா?"
முந்நூறு அநியாயம் என்று
வாய் திறக்கப் போனவர்
என் பக்கம் திரும்பினார்.
"நீ சொல்லு" என்றார்.